அயல்மொழிகள் பலவற்றைப் பொழுதுபோக்காகப் படிக்க: தமிழிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கொரியத் தொடர் பார்த்துக் கொரியன், அனிமே பார்த்து ஜப்பானியம், கால்பந்து பார்த்து ஸ்பானியம் என்று ஆளுக்கொரு காரணத்தில் தொடங்குகிறோம். விசாவுக்கோ வேலைக்கோ படிப்பவருக்குத் தேர்வுத் தேதி இருக்கிறது, கட்டிய கட்டணம் வீணாகிவிடுமே என்ற பயம் இருக்கிறது. வெறும் ஆசைக்காகப் படிப்பவருக்கு இரண்டும் கிடையாது. அதனால்தான் பலரது கைப்பேசியில் நான்கு மொழிகளின் முதல் பாடம் மட்டும் முடிந்து கிடக்கிறது.

இந்த வழிகாட்டி அவர்களுக்காக. சந்தையில் கிடைக்கும் பாடநூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவர் திணறும் இடத்தில் நாமும் திணற வேண்டியதில்லை. அவர் தாண்டிக் குதிக்கும் இடத்தில் நமக்குக் கால் மாட்டும். தமிழ் பேசுபவர் தனக்கென்று பாதையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொண்டால் நிறைய நேரம் மிச்சமாகும். கீழே உள்ள படிகளெல்லாம் அதை ஒட்டியவைதான்.

படி 1: எத்தனை மொழி, எந்த மொழி

பல மொழி படிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரே ஒரு மொழியைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு மொழியைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். முதல் மொழி ஓரளவு நிலைத்த பிறகு இரண்டாவது. நிலைத்தது என்றால் என்ன? ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் வைத்திருக்கிறார்கள். அதில் மூன்றாவது, பி1. எளிய செய்தியை அகராதியை அதிகம் புரட்டாமல் படிக்கலாம். தெரிந்த விஷயத்தைப் பற்றித் தடுமாறியாவது கால் மணி நேரம் பேசலாம். அந்த இடத்துக்கு வந்த மொழி சில மாதம் தொடாமல் விட்டாலும் முழுதாக அழிந்துபோகாது. ஏ1-இல் விட்ட மொழி அழிந்துவிடும்.

இரண்டாவது மொழி முதலாவதன் உடன்பிறப்பாக இருக்கக் கூடாது. ஸ்பானியமும் போர்த்துகீசியமும், ஸ்பானியமும் இத்தாலியமும் பக்கத்துப் பக்கத்து மொழிகள். "பூர்ரோ" என்றால் ஸ்பானியத்தில் கழுதை, இத்தாலியத்தில் வெண்ணெய். ஒன்று பி2 நிலையைத் தாண்டிய பிறகு அடுத்ததை எடுத்தால் இந்த ஒற்றுமையே பெரிய லாபம். அதற்கு முன்பு எடுத்தால் இரண்டும் கலந்து எதுவும் இல்லாத ஒன்று வாயில் வரும். ஸ்பானியத்தோடு கொரியன், ஜெர்மனோடு மலாய் என்று தூரத்து ஜோடியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

படி 2: மணிக்கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பது

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் ஒரு மொழியில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற எத்தனை வகுப்பு மணி ஆகும் என்று அவர்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஸ்பானியம், பிரெஞ்சு போன்றவற்றுக்கு ஏறக்குறைய 600 முதல் 750 மணி. ரஷ்யனுக்கு 1100. ஜப்பானியம், கொரியன், சீனம், அரபுக்கு 2200. அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு, 1100 மணி வரிசையில்.

தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொண்டால் 600 மணிக்கு 800 நாள், அதாவது இரண்டு வருடத்துக்கும் மேல். 2200 மணிக்கு எட்டு வருடம். பயப்பட வேண்டாம். நமக்கு தூதரகத்தில் பேச்சுவார்த்தை நடத்தும் வேலை இல்லை. அதில் பாதிக்கும் குறைவான உழைப்பிலேயே தொடர் பார்க்கலாம், சிறுகதை படிக்கலாம். அதோடு, அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுபவருடையது. ஜப்பானியமும் கொரியனும் 2200-க்குப் போனதற்கு அவற்றின் வாக்கிய அமைப்பும் ஒரு காரணம். நமக்கு அந்தப் பாரம் குறைவு. ஆனால் எழுத்தும் சொற்களும் எல்லோருக்கும் போலத்தான்.

"மூன்று மாதத்தில் சரளமாக" என்று விளம்பரம் செய்யும் எதையும் நான் தொடுவதில்லை.

படி 3: முதல் மாதம் காதுக்கும் வாய்க்கும்

முதல் நாளே இலக்கணத்தில் இறங்கக் கூடாது. தமிழ் பேசுபவருக்கு உண்மையான ஆபத்து உச்சரிப்பில்தான் இருக்கிறது, அதுவும் நம் எழுத்தினால் வருகிற ஆபத்து.

தமிழில் "ப" என்ற ஒரே எழுத்து இடத்துக்கேற்ப வல்லோசையாகவும் மெல்லிய ஓசையாகவும் ஒலிக்கிறது. "பல்" வேறு, "அம்பு" வேறு. எந்த இடத்தில் எது என்று நம் வாய்க்குத் தெரியும், யோசிக்க வேண்டியதில்லை. பிரெஞ்சில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே மீனுக்கும் பானத்துக்கும் உள்ள வித்தியாசமே சொல்லின் முதல் ஓசை வல்லோசையா இல்லையா என்பதுதான். தமிழில் எழுதினால் இரண்டுமே "புவாசோன்". கொரியன் இன்னும் கெடுபிடி: நிலா, முகமூடி, மகள் மூன்றும் தமிழ் எழுத்தில் "தல்" என்றுதான் வரும், அவர்களுக்கு மூன்றும் தனித்தனி ஓசை. ஆகவே குறிப்பேட்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கத்தை முதல் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஜப்பானியத்தில் "பார்த்தேன்" என்பதை "மித" என்று எழுதிவைத்தால், நடுவில் வரும் "த"வை நம் வாய் "அது" என்பதில் வருவது போல மென்மையாக்கிவிடும். ஜப்பானியருக்கு அது வேறு ஓசை. (இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

பயிற்சி இப்படி. போர்வோ என்ற தளத்தில் அந்தந்த மொழிக்காரர்களே சொற்களை உச்சரித்துப் பதிவிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு ஓசையில் மட்டும் வேறுபடும் ஜோடிகளைப் பத்துப் பதினைந்து எடுத்துக்கொண்டு, எது எது என்று கண்ணை மூடிக் கேட்டுக் கண்டுபிடியுங்கள். பிறகு நீங்களே சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சங்கடமாக இருக்கும். ஒரு மாதம் தினமும் பத்து நிமிடம் செய்தால் போதும்.

நமக்குச் சாதகமும் இருக்கிறது. குறில் நெடில் வித்தியாசமும் ஒற்று இரட்டிப்பதும் ஜப்பானியத்தில் பொருளையே மாற்றும். ஆங்கிலம் பேசுபவர் அங்கே மாதக்கணக்கில் தடுமாறுவார். படு, பாடு, பட்டு, பாட்டு என்று வளர்ந்தவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. பிரெஞ்சின் மூக்கொலி உயிரும் அப்படித்தான். பேச்சுத் தமிழில் "மரம்", "வந்தான்" என்று சொல்லும்போது கடைசி மெய்யை முழுதாகச் சொல்லாமல் மூக்கில் விடுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். செய்தி வாசிப்பது போலச் சொல்லாமல் வீட்டில் பேசுவது போலச் சொல்லிப் பாருங்கள்.

எழுத்து விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கொரியனின் ஹங்குல் 24 அடிப்படை எழுத்துகள். சேஜோங் அரசர் 15-ஆம் நூற்றாண்டில் மக்கள் எளிதாகக் கற்க வேண்டும் என்றே செய்வித்தது, ஒரு வார இறுதியில் படித்துவிடலாம். ரஷ்ய எழுத்து 33, ஒரு வாரம். ஜப்பானியத்தின் ஹிரகானாவும் கதகானாவும் தலா 46, இரண்டு மூன்று வாரம். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து தனிக் கதை: பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு அறிவித்த பட்டியலில் 2136 எழுத்துகள். அதை வருடக் கணக்கில்தான் பார்க்க வேண்டும், தனி எழுத்தாக மனப்பாடம் செய்யாமல் சொற்களோடு சேர்த்து.

படி 4: இலக்கணத்தைத் தமிழ் வழியாகப் பார்ப்பது

பள்ளியில் தமிழ் இரண்டாம் தாளுக்காகப் படித்துவிட்டு மறந்த சொற்களை இங்கே தூசி தட்டி எடுக்க வேண்டும். வினையெச்சம், பெயரெச்சம், வேற்றுமை உருபு, உயர்திணை, அஃறிணை. ஆங்கில வழி இலக்கண நூலைவிட இவை பல இடங்களில் நன்றாக வேலை செய்கின்றன.

ஜப்பானியப் பாடநூல் எதை எடுத்தாலும் "தெ வடிவம்" என்ற பாடம் வரும். அதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். முக்கால்வாசி இடத்தில் அது நம் வினையெச்சம்: போய், வந்து, படித்து. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "கினோ கத்த ஹொன் ஒ யொந்தெ மித." கினோ, நேற்று. கத்த, வாங்கிய. ஹொன், புத்தகம். ஒ, இரண்டாம் வேற்றுமை உருபான ஐ. யொந்தெ, படித்து. மித, பார்த்தேன். "நேற்று வாங்கிய புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன்." ஒரு சொல் கூட இடம் மாறவில்லை. "படித்துப் பார்" என்பதில் "பார்" என்ற வினை கண்ணால் பார்ப்பதைக் குறிக்காமல் முயன்று பார்ப்பதைக் குறிக்கிறதே, அந்த நுட்பம் கூட அப்படியே இருக்கிறது. கொரியனிலும் "சாப்பிட்டுப் பார்" என்பதற்குப் "பார்" வினைதான் வரும். கொண்டு வா, கொண்டு போ, "என்று சொன்னான்" என்பதில் வரும் "என்று" எல்லாவற்றுக்கும் இரண்டு மொழியிலும் நேர் ஜோடி உண்டு.

இதைப் பார்த்ததும் "அப்படியானால் ஜப்பானியமும் கொரியனும் தமிழிலிருந்து வந்தவையா" என்று கேட்பார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழ்–ஜப்பானிய உறவைப் பற்றி நிறைய எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கொரியனில் அம்மாவை ஒம்மா என்றும் அப்பாவை அப்பா என்றும் சொல்வதை வைத்து வரும் காணொளிகளும் ஏராளம். குழந்தை முதலில் எழுப்பும் ஓசைகள் உலகெங்கும் இப்படித்தான். படிப்பவருக்கு உறவு முக்கியமில்லை, அமைப்பு ஒத்துப்போவதுதான் முக்கியம்.

ஐரோப்பிய மொழிகளிலும் எதிர்பாராத இடத்தில் தமிழ் கைகொடுக்கும். ஸ்பானியத்தில் "எனக்குக் காபி பிடிக்கும்" என்பதை "மே குஸ்தா எல் கஃபே" என்பார்கள். ஆங்கிலத்தில் "நான்" எழுவாயாக நிற்கும். ஸ்பானியத்தில் தமிழ் போலவே "எனக்கு". தலைவலிக்கும் அதே கதை, "எனக்குத் தலை வலிக்கிறது." ஆங்கிலம் வழியாகப் போனால் இதைத் "தலைகீழ் வினை" என்று ஏதோ விந்தை போலச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: பிடித்த பொருள் பன்மையானால் ஸ்பானிய வினையும் பன்மையாகும். ரஷ்யனில் "அவர் டாக்டர்" என்றால் இரண்டே சொல், நடுவில் எதுவும் தேவையில்லை. "என்னிடம் இருக்கிறது", "எனக்குக் குளிருது" ஆகியவையும் நம் அமைப்புத்தான். மலாயிலும் இந்தோனேசியத்திலும் நாம், நாங்கள் என்ற பிரிவு உண்டு: கீத்தா, காமி. கெடாய், காபால், காத்தில் என்று கடையும் கப்பலும் கட்டிலும் போய்ச் சேர்ந்திருப்பது கூடுதல் சந்தோஷம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நோட்டில் ஒவ்வொரு புதிய வாக்கிய அமைப்புக்கும் ஒரு மாதிரி வாக்கியம் எழுதி, அடியில் சொல்லுக்குச் சொல் தமிழ் எழுதுங்கள். எழுத்துத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசும் தமிழ். எங்கே சொற்கள் இடம் மாறுகின்றனவோ அங்கே மட்டும் சிவப்பில் கோடு போடுங்கள். அந்தச் சிவப்புக் கோடுகள்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய இலக்கணம். மற்றதைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

சிவப்பு அதிகம் விழும் இடங்கள் எவை என்று இப்போதே சொல்லிவிடலாம். முதலாவது, உயிரற்ற பொருளுக்கு ஆண்பால் பெண்பால். நமக்குப் பால் பொருளைப் பார்த்து வருகிறது. ஜெர்மனில் "மேட்ஷன்" என்றால் சிறுமி, ஆனால் இலக்கணப்படி அது ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, மூன்றாவது பால். காரணம் கேட்டுப் பயனில்லை. பெயர்ச்சொல்லை எப்போதும் அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். இரண்டாவது, "ஒரு", "அந்த" என்று ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒன்றைப் போட்டே ஆக வேண்டிய கட்டாயம். ஆங்கிலத்திலேயே நமக்கு இது முழுதாக வரவில்லை. மூன்றாவது, உருபு பின்னால் வராமல் முன்னால் வருவது.

படி 5: சொற்கள்

1885-இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்தார். மறக்கப்போகும் நேரத்துக்குச் சற்று முன்பு திரும்பிப் பார்த்தால் நினைவு நீளும் என்பதைப் பின்னர் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதிய அட்டைகளைப் பெட்டியில் பிரித்துவைக்கும் முறையாகச் சொன்னவர் ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர். அதைக் கணினியில் செய்வதுதான் அன்கி என்ற செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு.

அன்கி தானாக ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை காட்டும். முதல் நாளே அமைப்பில் போய் அதை 8 அல்லது 10 ஆக்கிவிடுங்கள். புதிய அட்டை இன்றைக்கு ஒரு நிமிடம்தான். ஆனால் அது மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும், வட்டி போல. ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் முந்நூறு அட்டை காத்திருக்கும், அதைப் பார்த்ததும் செயலியையே அழித்துவிடத் தோன்றும். பல மொழி படிப்பவர் எல்லா மொழிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்டையில் தனிச்சொல் எழுத வேண்டாம். நீங்கள் படித்த, கேட்ட வாக்கியத்தை எழுதி அதில் தெரியாத ஒரு சொல்லை மட்டும் மறைத்துவையுங்கள். பிறர் செய்த ஆயிரக்கணக்கான அட்டைத் தொகுப்புகள் கிடைக்கும். முதல் சில நூறு சொற்களுக்கு அவை சரி, அதற்குப் பிறகு உங்கள் அட்டையை நீங்களே செய்வதுதான் நிற்கிறது. மறுபக்கத்தில் பொருளை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுதுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை வித்தியாசம் ஜப்பானியத்திலும் கொரியனிலும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அது காணாமல் போய்விடும்.

படி 6: கேட்பது, படிப்பது

கொரியத் தொடர்கள் இப்போது தமிழிலேயே மொழிமாற்றமாகி வருகின்றன. படிப்பவருக்கு அது எதிரி. மூல ஒலியை வைத்து, முதலில் ஆங்கில வசன வரியோடு ஒரு முறை, பிறகு அந்த மொழி வரியோடு அதே காட்சியை மறுபடி பாருங்கள். புதிய அத்தியாயம் நான்கு பார்ப்பதைவிட ஒரே அத்தியாயத்தை நான்கு தடவை பார்ப்பது மேல்.

செய்திக்கு நல்ல இலவச வழிகள் உண்டு. ஜெர்மனுக்கு டாய்ச்ச வெல்ல என்ற ஒலிபரப்பு நிறுவனம், மெதுவாக வாசித்த செய்தியை எழுத்து வடிவத்தோடு தருகிறது. பிரெஞ்சுக்கு ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி, பத்து நிமிடம். ஜப்பானியத் தொடக்கப் பாடங்களை ஜப்பான் அறக்கட்டளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

படிப்பதைப் பற்றிப் பேசினால் காத்தோ லோம்ப் என்ற ஹங்கேரியப் பெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1909-இல் பிறந்தவர், படித்தது வேதியியல், பிழைத்தது பல மொழிகளில் உடனடி மொழிபெயர்ப்பு செய்து. ரஷ்யனை அவர் கற்றது ஒரு நாவலையும் அகராதியையும் வைத்துக்கொண்டு. தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி புரட்டாமல், கதை நகர்ந்தால் போதும் என்று போய்க்கொண்டே இருந்தார். பி1-க்கு வந்தவர்களுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. அதற்கு முன்பு செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஏற்கெனவே தமிழில் படித்த கதையின் மொழிபெயர்ப்பை எடுத்தால் பாரம் இன்னும் குறையும்.

படி 7: பேச ஆள்

சென்னையில் இருப்பவருக்குக் குறையில்லை. நுங்கம்பாக்கத்தில் ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் கோத்தே நிறுவனமும் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்செஸும் இருக்கின்றன. கொரியனுக்கு இன்கோ மையம், ஜப்பானியத்துக்கு ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய். புதுச்சேரியிலும் அலியான்ஸ் உண்டு. மற்ற ஊர்க்காரர்களுக்கு டேன்டம், ஹலோடாக் போன்ற செயலிகள்: நீங்கள் அவர் மொழியில் அரை மணி, அவர் உங்கள் மொழியில் அரை மணி. ஆங்கிலம் கற்றுத்தருவதாக மட்டும் போட வேண்டாம், தமிழையும் போடுங்கள். தமிழ் கற்க விரும்பும் ஜப்பானியரும் ஜெர்மானியரும் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அப்படி ஒருவர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் காணாமல் போகமாட்டார்.

ஆள் கிடைக்காத நாளில் செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு எழுதிப் பழகலாம். உரையாடலுக்கு நன்றாகவே இருக்கிறது. அது தரும் இலக்கண விளக்கத்தை மட்டும் ஒரு புத்தகத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: பல மொழிகளை ஒன்றாக ஓட்டுவது

எந்த நேரத்திலும் ஒரு மொழிதான் முதன்மை. அதற்கு வாரத்தில் ஐந்து நாள், புதிய பாடம், புதிய அட்டை எல்லாம் அதற்கே. ஏற்கெனவே பி1 தொட்ட இரண்டாவது மொழிக்கு வார இறுதி. அதில் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யாமல் படிப்பது, பார்ப்பது, பேசுவது மட்டும். மூன்றாவது இருந்தால் அது பேருந்துப் பயணத்திலும் சமையலறையிலும் காதில் ஓடட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதன்மையை மாற்றலாம், வாரத்துக்கு ஒருமுறை மாற்றக் கூடாது.

மொழிகள் கலக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம், ஒரு இடம், ஒரு நோட்டு என்று பிரித்துவிடுங்கள். காலையில் மொட்டைமாடியில் ஜப்பானியம் என்றால் அங்கே ஸ்பானியம் வேண்டாம். ஸ்பானியம் பேச வாயெடுத்தால் ஜப்பானியச் சொல் வந்து விழுவது எல்லோருக்கும் நடப்பதுதான். மூளை "அயல்மொழி" என்று ஒரே பெட்டியில் தேடுவது போல இருக்கும். இரண்டிலும் பேச்சுப் பழக்கம் கூடக் கூடக் குறையும்.

வீட்டில் கல்யாணம், அலுவலகத்தில் கெடு என்று எல்லாம் நின்றுபோகிற காலமும் வரும். அப்போது புதிய அட்டையைப் பூஜ்யமாக்கிவிட்டு, பழைய அட்டைகளை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். முழுதாக விட்டுப்போன மொழியைத் திரும்ப எழுப்புவதற்கு முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் முன்பு ரசித்துப் பார்த்த தொடரையோ படித்த கதையையோ அந்த மொழியில் மறுபடி எடுத்து இரண்டு வாரம் ஓட்டினால் பாதிக்கு மேல் திரும்பி வரும். வராத பாதிக்குத்தான் பாடம்.

படி 9: தேர்வு எழுதலாமா

கட்டாயமில்லை. ஆனால் தேதி ஒன்று கண் முன்னால் இருந்தால்தான் ஓடுவேன் என்பவர்கள் எழுதலாம். ஜப்பானியத் திறன் தேர்வு வருடத்துக்கு இரு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலேயே நடக்கிறது. என்5 எளிது, என்1 கடினம். அதில் பேச்சும் கிடையாது, எழுதுவதும் கிடையாது, விடையைத் தேர்ந்து குறிப்பது மட்டும்தான். என்3 தேறியவர் வாய் திறந்து காபி கேட்கத் திணறுவதை அதனால் பார்க்கலாம். பிரெஞ்சின் டெல்ஃபும் ஸ்பானியத்தின் டெலேயும் நான்கு திறனையும் சோதிக்கின்றன, அந்தச் சான்றிதழ்கள் காலாவதியாவதில்லை. கொரியனின் டோபிக் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே அதைப் பொழுதுபோக்குக்காக எழுதுவதாக இருந்தால் அவசரமே இல்லை.